கரகரக்கும் காவலாளி

இரவு பத்தரை மணிக்கு டி.வி.யை அணைத்து, சமையலறையில் பாத்திரச் சத்தமும் ஓய்ந்த பிறகுதான் அது காதில் விழும். டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே, மோடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டியிலிருந்து ஒரு கிர்ர்ர். முதல் வாரம் யாரும் பொருட்படுத்துவதில்லை. இரண்டாவது வாரம் தூக்கம் கெட்டவர்கள் புகார் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். மூன்றாவது வாரம் பெட்டி பீரோவுக்குள்ளோ பரணுக்கோ நாடு கடத்தப்படுகிறது. சத்தம் நின்றுவிட்டது போலத் தோன்றும். உண்மையில் ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பது இந்தப் பெட்டியின் முழுப் பெயர். சுருக்கமாக 'நாஸ்'. இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள எல்லா கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் பொதுவான கிடங்காக இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவது. அலுவலகங்களில் மட்டும் இருந்த இந்தச் சாதனம் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைய ஒரு முக்கியக் காரணம், 2021 ஜூன் 1. அன்றுதான் கூகுள் போட்டோஸ், படங்களை அளவில்லாமல் இலவசமாகச் சேமிக்கும் வசதியை நிறுத்திக்கொண்டது. இலவச எல்லையான 15 ஜிகாபைட் ஒரு கல்யாண வீடியோவுக்கே காணாது. மாதா மாதம் வாடகை கட்டுவதா, சொந்தமாக ஒரு பெட்டி வாங்கிக்கொள்வதா என்று யோசித்தவர்களில் பலர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் இப்போது வயதாகிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்குகளுக்கு முன்னால் தளர்ந்துபோவது பெரும்பாலும் பின்பக்கம் சுழலும் சின்ன விசிறிதான். காரணம் எளிய கணக்கு. ஓய்வில்லாமல் ஓடும் விசிறிக்கு ஒரு வருடம் என்பது 8,760 மணி நேரம். சாதாரணமான 'புஷ்' வகை விசிறியின் ஆயுள் 30,000 முதல் 40,000 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது மூன்றரை வருடத்திலிருந்து நாலரை வருடம். அதுவும் சூடு அதிகமில்லாத, தூசி குறைந்த அறையில். டெல்லியின் மே மாதத்தையோ ராஜஸ்தானின் புழுதிக்காற்றையோ மனதில் வைத்துப் போட்ட கணக்கு அல்ல.

ஏன் சத்தம் போடுகிறது?

ஸீலிங் ஃபேனுக்கு ஆகிற அதே கதைதான். விசிறியின் நடுத்தண்டு சுழலும் குழலுக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் புஷ். அதில் இருக்கும் எண்ணெய் சூட்டில் மெல்ல மெல்ல வற்றுகிறது. எண்ணெய் போனால் உலோகத்தோடு உலோகம் உராய்கிறது. துளை தேய்ந்து அகலமாகிறது, தண்டு ஆடுகிறது. கரகரப்பு அந்த ஆட்டத்தின் சத்தம். பால் பேரிங் விசிறி கூடுதல் காலம் தாங்கும். ஆனால் குண்டுகள் தேய ஆரம்பித்தால் கீச்சென்று ஊரைக் கூட்டும். மூன்றாவது வகையான 'ஃப்ளூயிட் டைனமிக்' பேரிங்கில் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. விலை கொஞ்சம் கூடுதல், சத்தம் குறைவு, ஆயுளும் அதிகம்.

தேய்மானம் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இறக்கைகளில் ஒரு பக்கமாகத் தூசி படிந்தாலும் சமநிலை கெட்டு அதிரும். பெட்டி சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தால் தாளிக்கும் எண்ணெய்ப் புகையும், பூஜை அறைக்குப் பக்கத்தில் இருந்தால் ஊதுவத்திப் புகையும் தூசியைப் பிசின் போல ஒட்டவைக்கும். பெட்டியை இரும்பு பீரோ மேல் வைத்தால், விசிறியின் சின்ன அதிர்வை பீரோவே தம்பட்டமாகப் பெருக்கிக் காட்டும். அடியில் ஒரு ரப்பர் ஷீட் போட்டாலே பாதிச் சத்தம் போய்விட்ட வீடுகள் உண்டு.

முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, சத்தம் விசிறியிலிருந்து வருகிறதா, டிஸ்க்கிலிருந்தா என்பது. பெட்டியின் செட்டிங்கில் விசிறியின் வேகத்தை மாற்றும் வசதி பெரும்பாலும் இருக்கும். வேகத்தைக் கூட்டும்போது சத்தத்தின் சுருதியும் கூடினால் விசிறிதான். வேகம் எப்படி மாறினாலும் 'டிக்... டிக்...' என்று ஒரே தாளத்தில் தட்டினால் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது விசிறியை மறந்துவிட்டு, உள்ளே இருப்பதை உடனே வேறு இடத்துக்குப் பிரதி எடுப்பதுதான் முதல் வேலை.

நமது ஊர்ச் சூடு

'விசிறியைக் கழற்றிவிட்டால் என்ன? டிஸ்க்தான் சூடு தாங்குமே!' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வாதத்துக்குத் துணையாக ஓர் ஆராய்ச்சியும் உண்டு. 2007இல் கூகுள் நிறுவனத்தின் மூன்று பொறியாளர்கள் தங்கள் கம்பெனியில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். மிதமான சூட்டுக்கும் டிஸ்க் கெட்டுப்போவதற்கும் எல்லோரும் நினைத்த அளவு தொடர்பு இல்லை என்பது அதில் தெரியவந்தது. மிகக் குளிர்ச்சியாக இருந்த டிஸ்க்குகள்கூட அதிகம் பழுதாகியிருந்தன. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சூடு மிக அதிகமாகும்போது, குறிப்பாக வயதான டிஸ்க்குகளில், பழுது கூடியிருந்தது. அதோடு, அந்த டிஸ்க்குகள் இருந்தது குளிரூட்டிய டேட்டா சென்டர்களில். பரணில் அல்ல.

இந்த ஆராய்ச்சியிலிருந்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. விசிறியை எப்போதும் முழு வேகத்தில் அலறவிட்டு டிஸ்க்கை ஃப்ரிஜ்ஜில் வைத்தது போல வைத்திருக்க வேண்டியதில்லை. அதேபோல, விசிறியே இல்லாமல் ஓட்டலாம் என்றும் அர்த்தமில்லை.

பெட்டியோடு வரும் குறிப்பேட்டைப் புரட்டினால் இன்னும் தெளிவாகும். பெரும்பாலான வீட்டு நாஸ் பெட்டிகள் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான அறைச் சூட்டில் இயங்கத் தயாரிக்கப்பட்டவை. ஐரோப்பாவில் பல இடங்களில் அது அபூர்வமான உயரம். இந்தியாவில் அது சாதாரண ஏப்ரல் மதியம். 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. அவ்வளவு போக வேண்டாம். நாக்பூரிலோ ஹைதராபாத்திலோ பூட்டிக்கிடக்கும் ஃப்ளாட்டுக்குள் மதியம் 38 டிகிரி என்பது யாரையும் ஆச்சரியப்படுத்தாது. விசிறி ஒழுங்காக ஓடும்போதே டிஸ்க் அறையைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி அதிகச் சூட்டில் இருப்பது வழக்கம். ஆக, 50 டிகிரி. விசிறி நின்றால் அங்கிருந்து மேலே ஏற வேண்டியதுதான்.

இதில் நமது நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல், மின்வெட்டு. கரண்ட் போனதும் ஏ.ஸி. நின்றுவிடும். யு.பி.எஸ்.ஸில் இணைத்த பெட்டி மட்டும் கடமை தவறாமல் ஓடிக்கொண்டிருக்கும். அறை சூடேறிக்கொண்டே போகும் அந்த நேரத்தில் டிஸ்க்குக்கு இருக்கும் ஒரே காற்று, அந்தச் சின்ன விசிறியின் காற்று.

சரியாக வாங்குவது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு என்று எந்த ஊர் மார்க்கெட்டுக்குப் போனாலும் விசிறி கிடைக்கும். சில நூறு ரூபாயிலிருந்து, பெயர் பெற்ற வெளிநாட்டுக் கம்பெனி என்றால் இரண்டாயிரம் ரூபாய் வரை. 'ஒரு ஃபேன் கொடுங்க' என்று கேட்டால் எதையாவது எடுத்துத் தருவார்கள். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

முதலாவது, அளவு. சட்டத்தின் ஒரு பக்கத்தை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். இரண்டு டிஸ்க் பெட்டிகள் பலவற்றில் 92 மில்லிமீட்டர். சிறியவற்றில் 40, 60, 70 என்று வரும். கனமும் முக்கியம். 25 மில்லிமீட்டர் கனமுள்ள விசிறி, 15 மில்லிமீட்டர் இடத்தில் நுழையாது. திருகுத் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து விசிறியின் அளவாக நினைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். 92 மில்லிமீட்டர் விசிறியில் அது 82.5 மில்லிமீட்டர்.

இரண்டாவது, வோல்டேஜ். பழைய விசிறியின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட். சில குட்டிப் பெட்டிகளில் 5 வோல்ட். அதில் போட்டிருக்கும் ஆம்பியர் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும் புது விசிறியைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒயர். மூன்று ஒயர் என்றால் இரண்டு மின்சாரத்துக்கு, மூன்றாவது 'நான் சுழல்கிறேன்' என்று பெட்டிக்குத் தகவல் சொல்ல. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்பது வழக்கம். நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றினால் வினாடிக்கு 40 துடிப்பு. நான்காவது ஒயர் இருந்தால் அது எதிர்த்திசைக்கானது. எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று பெட்டி அதன் வழியாக உத்தரவிடுகிறது. மூன்று ஒயர் இருந்த இடத்தில் மூன்று, நான்கு இருந்த இடத்தில் நான்கு என்று வாங்குவதே நிம்மதி. ஒயர்களின் நிறத்தை நம்பிப் பயனில்லை. ஒரு கம்பெனியில் மஞ்சள் என்பது மின்சாரம், இன்னொரு கம்பெனியில் அதே மஞ்சள் தகவல் ஒயர். சில பெட்டிகளில் பிளக்கும் வழக்கத்தைவிடச் சின்னதாக இருக்கும். பழைய பிளக்கை வெட்டிப் புது ஒயரோடு சேர்த்துப் பற்றவைக்க வேண்டிவரும். சால்டரிங் பழக்கமில்லாதவர்கள் அதைக் கடையிலேயே செய்து வாங்கிக்கொள்ளலாம்.

நான்காவது, வேகம். 'ஓசையே இல்லாத' விசிறி என்று விளம்பரம் செய்யப்படுவது, பெரும்பாலும் மெதுவாகச் சுற்றும் விசிறி. தந்திரம் என்று சொல்ல முடியாது, இயற்பியல்தான். வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் குறைகிறது. ஆனால் காற்றும் பாதியாகிறது. அதைவிட வேடிக்கையான ஒரு விளைவும் உண்டு. பெட்டி குறிப்பிட்ட வேகத்தை எதிர்பார்க்கிறது. துடிப்பு அதற்குக் கீழே போனால் விசிறி கெட்டுவிட்டது என்று நினைத்து பீப் பீப் என்று கத்த ஆரம்பிக்கும். சில பெட்டிகள் தங்களையே அணைத்துக்கொள்ளும். நிசப்தம் தேடி வாங்கிய விசிறியால் வீடே விழித்துக்கொள்ளும். பழைய விசிறியின் வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக, ஆனால் நல்ல பேரிங்கோடு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். வேகத்தைக் குறைக்கச் சில விசிறிகளோடு தனியாக ஒரு குட்டி ஒயர் வரும். நாஸ் பெட்டியில் அதற்கு வேலை இல்லை.

மாற்றுவது

வேலை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அவசரம்தான் எதிரி. முந்தின நாளே முக்கியமான படங்களையும் பத்திரங்களையும் வெளியே ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட வேண்டும். பெட்டியைச் சுவிட்சை அணைத்து நிறுத்தக் கூடாது. கம்ப்யூட்டரை மூடுவதுபோல முறையாக மூடி, விளக்குகள் எல்லாம் அணைந்த பிறகு பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்க்கைத் தூக்கி அசைப்பது, ஓடுகிற சைக்கிள் சக்கரத்தில் கைவிடுவதற்குச் சமம்.

டிஸ்க்குகளை வெளியே எடுக்க வேண்டியிருந்தால், எடுப்பதற்கு முன்பே 1, 2 என்று சீட்டு ஒட்டிவிட வேண்டும். அதே வரிசையில் திரும்பிப் போக வேண்டும். உள்ளே கை வைக்கும் முன், பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுவது வழக்கம். டெல்லிக் குளிர்காலத்தில் கம்பளிப் போர்வையோடு உட்கார்ந்து இந்த வேலை வேண்டாம்.

பழைய விசிறியைக் கழற்றும் முன், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால், ஸ்டிக்கரும் தாங்கு கம்பிகளும் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும் என்பது பொது விதி. திருப்பி மாட்டினால் சூடான காற்று உள்ளேயே சுற்றிவரும். சத்தம் போயிருக்கும், சூடு ஏறியிருக்கும். பல வீடுகளில் யாரும் கண்டுபிடிக்காத தவறு இது.

விசிறி வெளியே வந்த நேரத்தில் உள்ளே உள்ள தூசியையும் பெயின்ட் பிரஷ் வைத்துத் துடைத்துவிடலாம். பெட்டிக்குள்ளேயே பவர் சப்ளை உள்ள பெரிய மாடல்களில் அந்தத் தகரப் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் ஷாக் அடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும். அதில் உள்ள விசிறி கரகரத்தால் மெக்கானிக்கிடம் போவதே சரி.

விசிறியை மாற்றாமல், ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு எண்ணெய் விடும் வைத்தியமும் உண்டு. தையல் மெஷின் எண்ணெய் என்றால் சில வாரமோ சில மாதமோ ஓடும். புது விசிறி தபாலில் வரும் வரைக்கும் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், நாளடைவில் பிசினாகும். தலைக்கு நல்லது தண்டுக்கு ஆகாது.

வாரன்டி இருக்கும் பெட்டி என்றால் திறக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும். சில கம்பெனிகள் விசிறியைத் தனி உதிரி பாகமாகவே விற்கின்றன. வேறு சில, 'போர்டோடுதான் மாற்ற முடியும்' என்று கைவிரிக்கின்றன. பொருளை வாங்கியவருக்கு அதைப் பழுது பார்க்கும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கையை ஆராய மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு கமிட்டி அமைத்தது. அதே வருடம் டிசம்பரில் உதிரி பாகங்கள், பழுது பார்ப்பு பற்றிய தகவல்களுக்காக ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. செல்போனுக்கும் டிராக்டருக்கும் பேசப்படும் இந்த உரிமை, சில நூறு ரூபாய் விசிறிக்காக இருபது, முப்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியைத் தூக்கி எறிய நேரும்போதுதான் எவ்வளவு அவசியம் என்று உறைக்கிறது.

மாற்றிய பிறகு

புது விசிறி ஓட ஆரம்பித்ததும் காதுக்கு நிம்மதி. ஆனால் வேலை முடியவில்லை. டிஸ்க்கின் சூட்டைப் பெட்டியே அளந்து காட்டும். ஒரு வாரம் தினமும் மதியம் அதைக் குறித்துவைப்பது நல்லது. பழைய அளவைவிட இரண்டு மூன்று டிகிரி ஏறினால் கவலையில்லை. பத்து டிகிரி ஏறியிருந்தால் திசையோ வேகமோ தவறு. சாதாரண நாளில் 40ஐ ஒட்டியும், கோடையில் 50க்கு உள்ளேயும் நின்றால் போதுமானது.

ஒரு டிஸ்க் கெட்டு, அதற்குப் பதில் புதிது போடும்போதுதான் பெட்டிக்கு உண்மையான பரீட்சை. பழைய டிஸ்க்கில் உள்ள முழுத் தகவலையும் படித்துப் புதியதில் எழுத, பெரிய டிஸ்க் என்றால் ஒரு நாள்கூட ஆகும். அவ்வளவு நேரமும் மிஞ்சியிருக்கும் கிழட்டு டிஸ்க் ஓய்வில்லாமல் உழைக்கிறது. விசிறி ஒழுங்காக இல்லாமல் அதுவும் அந்த நாளில் படுத்துவிட்டால், இரட்டை டிஸ்க் வைத்திருந்தும் பயனில்லை. இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவல் இருப்பதை பேக்கப் என்று நினைப்பவர்கள் அதிகம். அது பேக்கப் அல்ல. தவறுதலாக அழித்த படம் இரண்டிலிருந்தும் ஒரே நொடியில் அழியும். திருடனும் தீயும் பெட்டியை முழுதாகத்தான் கொண்டுபோகும். வேறொரு டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு வீட்டில், மூன்றாவது பிரதி ஒன்று இருக்க வேண்டும்.

இறந்துபோன தாத்தாவின் குரல், பெண்ணின் முதல் பிறந்தநாள், ஸ்கேன் செய்துவைத்த சொத்துப் பத்திரம் எல்லாம் உள்ள பெட்டிக்குச் சத்தம் போட உரிமை உண்டு. அதன் வாயைப் பொத்துவதற்குப் பதில் என்ன சொல்கிறது என்று கேட்பது நல்லது. விசிறியை மாற்றிய தேதியைப் பெட்டியின் முதுகில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், நான்கு வருடம் கழித்து யாரும் ஞாபகசக்தியை நம்ப வேண்டியிருக்காது. மாற்றுவதற்கு உகந்த மாதம் பிப்ரவரி. கோடை வருவதற்கு முன்.